நாலு சோற்றுப் பருக்கை

“அக்கா, நான்கு பருக்கைகள் வேண்டும்” என்று குசினி வாசலில் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார் நோர்மன். குனியாவிட்டால் நிலை நெற்றியில் இடிக்கும். இடித்த தழும்பு ஏற்கனவே இரண்டு இருக்கிறது. கையில் ஒட்ட வேண்டிய கடித உறை. அடுப்படியில் இருக்கும் நாகேஸ்வரி, அவர் கேட்டு முடிக்குமுன்பே பானையைத் திறந்து, நன்றாகக் குழைந்ததாகப் பார்த்து நாலு பருக்கையை விரல் நுனியில் எடுத்துவிடுவார். “இந்தாங்கோ தம்பி. உங்கட சீமைப் பசை இஞ்சத்தை வெயிலுக்கு நிண்டுபிடியாது” என்பார். கிளிநொச்சிக் குடியேற்றத்தில், எட்டாம் வாய்க்கால் கரையிலுள்ள வீரகத்தியர் வீட்டில், ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை தோறும் பிற்பகல் இரண்டரை மணிக்கு நடக்கிற காரியம் இது.

மிஷன் கொடுக்கிற உறைகள் பார்வைக்கு அழகானவை. மாரியில் பெட்டிக்குள் இருந்தபடியே தாமாக ஒட்டிக்கொள்ளும். கோடையில் பசை பொரிந்து கொட்டும். ஆகவே அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், ஒரு சோளப் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேருகிற கடிதமெல்லாம் மொட்டைக்கறுப்பன் சோற்றால் ஒட்டியதுதான். அது சிவப்பரிசி என்பதால் உறையின் முதுகில் இலேசாகச் செம்மை படிந்திருக்கும். “எப்போதும் ஏதோ சேறு ஒட்டியிருக்கிறது, கையைக் கழுவிவிட்டு எழுது” என்று அவருடைய தாயார் ஒருமுறை எழுதியிருந்தார். நோர்மன் அதைத் தமிழில் சொன்னபோது நாகேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆளுக்கு வயது இருபத்துமூன்று. உயரம் ஆறடிக்கு மேலே எவ்வளவு என்று எட்டாம் வாய்க்காலில் யாரும் அளந்து பார்க்கவில்லை. மூன்று வருடம் ஊழியம் செய்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கப்பலேறி வந்தவர். முதல் ஆறு மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்தார். பண்டிதர் நல்ல கெட்டிக்காரர். அதனால்தான் நோர்மன் இன்றைக்கும் மாட்டுவண்டிக்காரரைப் பார்த்து, “ஐயா, தயவுசெய்து வழிவிடுவீர்களா?” என்று கேட்கிறார். வண்டிக்காரர் மிரண்டு ஒதுங்குவார், மாடும் ஒதுங்கும். எட்டாம் வாய்க்கால் அவருக்குத் தன் பங்குக்குக் கற்றுக்கொடுத்தது ‘ஓம்’ என்ற ஒரு சொல்லைத்தான். அதை மட்டும் அவர் சரியாகச் சொல்வார்.

புதிய தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருக்கிற பரந்தனில், தகரம் வேய்ந்த மிஷன் வீட்டில் குடியிருக்கிறார். கிணற்றில் உவர்த் தண்ணீர். அவருடைய காலுக்கு மிஷன் கொடுத்த சைக்கிள் எந்த விதத்திலும் காணாது. முழங்கால் இரண்டும் ஹாண்டிலில் முட்டும். தொப்பியைக் காற்றுக் கொண்டுபோகாமல் சப்பாத்துக் கயிற்றால் நாடியோடு சேர்த்துக் கட்டியிருப்பார். சைக்கிளின் பின்பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, கண் மருந்து, வேதாகமப் படங்கள், ஒரு பெட்டிக் கமெரா.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கால் கரைப் பாலை மரத்தின் கீழ்ப் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். ஒன்பது பிள்ளைகள் வருவார்கள். ஏழு பேர் வர்ணப் படத்துக்காக வருகிறார்கள். மற்ற இரண்டு பேர் அந்த ஏழு பேரோடும் விளையாட வருகிறார்கள். கொயினா வாங்க வருகிற பெரியவர்கள் அவர் சொல்லுகிற சுவிசேஷத்தை மரியாதையாக நின்று கேட்டுவிட்டு, “அதுவும் சரிதான் துரை” என்று சொல்லிப் போய்விடுவார்கள். ஒன்றரை வருடத்தில் அவர் மனந்திருப்பிய ஆட்களின் தொகை பூச்சியம். இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை, தன்னுடைய நாட்டவரிடம் தவிர.

வீரகத்தியர் வீடு அவருக்கு வீடானது காய்ச்சலால். வந்த முதல் மாரியில் வாய்க்கால் கரையில் சைக்கிளோடு விழுந்து நடுங்கிக்கொண்டு கிடந்தவரை வீரகத்தி தன்னுடைய வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்பது நாள் அந்த வீட்டு விறாந்தையில் கிடந்தார். நாகேஸ்வரி கரண்டியால் கஞ்சி பருக்கினார். காய்ச்சல் விட்டால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்து, சொன்னபடி உடைக்கவும் செய்தார். சுகமாகி எழும்பிய நோர்மன் நன்றியாக ஒரு இயேசு படத்தைக் கொடுத்தபோது வீரகத்தி இரண்டு கையாலும் வாங்கினார். “உங்கட சாமியும் நல்லவர்தான் தம்பி. தனிய இருக்கவேண்டாம், பிள்ளையாருக்குப் பக்கத்திலை இருக்கட்டும்” என்று சுவரில் மாட்டினார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் இருவருக்கும் ஒரே சந்தனம்தான்.

மாதத்துக்கு ஒரு கடிதம், அயோவாவிலுள்ள தன் ஊர்ச் சபையின் பத்திரிகைக்கு எழுதவேண்டும் என்பது ஒப்பந்தம். நோர்மன் பொய் எழுதக்கூடாது என்பதில் கண்டிப்பானவர். சொல்லாமல் விடுவது பொய்யில் சேராது என்பது அவர் தனக்குள் கண்டுபிடித்து வைத்திருந்த சமாதானம். “ஒரு குடும்பம் என் உயிருக்காகப் பிரார்த்தித்தது” என்று எழுதினார். யாரிடம் என்று எழுதவில்லை. “இந்த வீட்டுச் சுவரில் இப்போது நம் ஆண்டவரின் படம் தொங்குகிறது” என்று எழுதினார். பக்கத்தில் தும்பிக்கையோடு இருப்பவரைப் பற்றி எழுதவில்லை. கடிதங்கள் நன்றாக எடுபட்டன. வாசித்த இடங்களிலெல்லாம் கண்ணீர் விட்டார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதினார். தாயார் ஒரு கடிதத்தைச் சபையில் எழுந்து நின்று வாசித்தாராம். பூச்சியத்தைத் தோளில் சுமந்துகொண்டு வெயிலில் சைக்கிள் மிதிக்கிற பையனுக்கு அது தேனாக இனித்தது.

போன வருடம் கார்த்திகையில், வயலுக்குப் பலகை அடித்து மட்டமாக்கி விதைத்த அன்று, அந்த வீட்டாரை ஒரு படம் எடுத்தார். நோர்மனும் பண்ணைக்காரர் மகன்தான். காற்சட்டையை மடித்துவிட்டு அன்று காலை முழுக்க வரம்பு கட்டினார். அதில் அவர் விண்ணன், கைதேர்ந்தவர். வேலை முடிந்து எல்லோரும் கரையேறியதும் போய்க் கமெராவை எடுத்தார். வீரகத்தி இடுப்பில் ஒரு துண்டோடு, தலைமயிர் வரை சேறாக நின்றார். மகள் பத்மாசனியின் பாவாடை தொப்பலாக நனைந்திருந்தது. நாகேஸ்வரி வயலுக்கென்று வைத்திருக்கிற பழஞ்சீலையில் நின்றார். இடுப்புப் பக்கத்தில் அது கிழிந்திருந்தது.

“பொறுங்கோ தம்பி, ஓடிப்போய்ச் சீலை மாத்திக்கொண்டு வாறன்” என்றார் நாகேஸ்வரி.

“வேண்டாம் அக்கா. இப்படியே நல்லது.”

“ஐயோ, படமெல்லே! ஒரு நிமிசம் பொறுங்கோ.”

“இல்லை, இல்லை. இப்படியேதான் நல்லது” என்று நோர்மன் கமெராவைக் கண்ணோடு வைத்துவிட்டார். ஏன் நல்லது என்று அவருக்குத் தெரியும். கண்ணீர் விடுகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று அந்த ஒரு வருடத்தில் அவர் நன்றாகப் படித்திருந்தார். நாகேஸ்வரி மனமில்லாமல் நின்றார். கிழிசலின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார். படத்தில் அவர் வயிற்று வலிக்காரியைப் போல இருப்பது அதனால்தான்.

படத்தோடு அனுப்பத் தட்டச்சு இயந்திரத்தில் ஒரு கடிதம் தட்டினார். அதில், “இவர்கள் தங்களிடம் இருக்கிற ஒரே உடையில் என் கமெராவின் முன் நின்றார்கள், மாற்றிக்கொள்ள இவர்களுக்கு வேறு துணி இல்லை” என்று ஒரு வசனம் வந்து விழுந்தது. மற்றவையெல்லாம் சொல்லாமல் விட்டவை. இது சுத்தமான, முழுப் பொய். தட்டி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. வெட்டவில்லை. அந்தச் சனிக்கிழமையும் குசினி வாசலில் போய் நின்று, “அக்கா, நான்கு பருக்கைகள்” என்று கேட்டு வாங்கித்தான் அதையும் ஒட்டினார்.

இந்த வருடம் ஆனி மாதம் தமிழ்ப் பரீட்சைக்காக ஒரு கிழமை யாழ்ப்பாணம் போயிருந்தார். திரும்பி வந்து, ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் வாங்கிய, ஓலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டானைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு சனிக்கிழமை எட்டாம் வாய்க்காலுக்குப் போனார். படலையடியில் வழக்கம்போல மூன்று முறை மணி அடித்தார். நாய் வந்தது. ஓடிவந்து பெட்டியைத் திறக்கிற பத்மாசனி வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அவரிடம் ஆங்கிலம் படிப்பவள், அதனால் அவளுக்கு மட்டும் அவர் ‘சேர்’. உள்ளே போனால், வீரகத்தி கரை வேட்டி கட்டி, தோளில் சால்வையோடு கதிரையில் இருந்தார். குசினிக்குள் அடுப்புப் புகைக்கு நடுவே, ஊதா நிறக் கூறைச்சீலையோடு நின்று நாகேஸ்வரி குழம்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இன்று கோயிலில் விசேஷமா?” என்று கேட்டார்.

“இல்லைத் தம்பி. சும்மாதான், மாத்தினனான். இருங்கோ, சாப்பிடுங்கோ.”

விரால் மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை. உறைப்புக்கு வழக்கம்போல மூக்கால் தண்ணீர் ஓட, இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார். பரீட்சைக் கதையெல்லாம் சொன்னார். அவர் ஒருவர் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார் என்பது கை கழுவிவிட்டு வந்து இருந்தபோதுதான் அவருக்குப் பட்டது.

“பிள்ளை, அதைக் கொண்டந்து தம்பியிட்டைக் குடு” என்றார் வீரகத்தி.

பத்மாசனி ஊர்ச் சபையின் பத்திரிகையைக் கொண்டுவந்து, விரித்தபடியே அவர் மடியில் வைத்தாள். அரைப் பக்கத்துக்கு அந்தப் படம். சேறு, துண்டு, நனைந்த பாவாடை, கிழிசலைப் பொத்திக்கொண்ட கை. கீழே அவருடைய வசனம். அவள் கையைக் காட்டிய மூலையில் வாய் கிழித்த ஒரு பெரிய பார்சல் இருந்தது. பத்திரிகையை வாசித்த சபையார் மிஷன் வீட்டு விலாசத்துக்கு, வீரகத்தியின் பெயருக்கு அனுப்பியது. நோர்மன் ஊரில் இல்லாததால் தபால்காரர் ஏரம்பு அதைச் சைக்கிளில் வைத்துக் கட்டி நேரே இங்கே கொண்டுவந்துவிட்டார்.

“தம்பியின்ரை அம்மா எங்களுக்கு ஏதோ அனுப்பியிருக்கிறா எண்டு நினைச்சு, ஏரம்பு நிக்கத்தக்கதாத்தான் உடைச்சனாங்கள்” என்றார் வீரகத்தி. குரலில் கோபமில்லை, கோபமிருந்தால் நோர்மனுக்கு இலேசாக இருந்திருக்கும். “எல்லாம் பழந்துணி. உடுத்துக் கழிச்சது. அதுக்குள்ளை இந்தப் புத்தகம். பிள்ளை எழுத்துக் கூட்டி வாசிச்சுச் சொன்னது. நான் நம்பேல்லை. நீ பிழையா வாசிக்கிறாய், தம்பி எங்களைப் பற்றி அப்பிடி எழுதியிருக்க மாட்டார் எண்டு பேசினனான். அது அழுதுகொண்டு உள்ளை போட்டுது. அதுதான் தம்பி, நீங்கள் வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தனாங்கள். நீங்களே ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

வேறு எதுவென்றாலும் தாங்கியிருப்பார். தான் எழுதியதைத் தானே தமிழாக்கி, அதுவும் இந்த வீட்டில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இருந்துகொண்டு சொல்லவேண்டும். ஒரு கணம் வழி ஒன்று தெரிந்தது. பிள்ளை படிக்கிறது இன்னும் மூன்றாம் புத்தகம். தவறாக விளங்கிக்கொண்டது என்று சொன்னால் வீரகத்தி உடனே நம்புவார், நம்ப விரும்பித்தான் கேட்கிறார். பத்மாசனி சுவரோடு சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கேட்டவுடனே அவருடைய வாய் அந்தப் பொய்க்குத் திறந்ததும் உண்மை. அதை நினைத்துத்தான் இன்றைக்கும் அவர் அதிகமாக வெட்கப்படுகிறார்.

“பிள்ளை சரியாக வாசித்திருக்கிறாள்” என்றார்.

வீரகத்தி சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். சொந்த ஊரான கரவெட்டியிலிருந்து, இந்தக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்த நாள் முதல், ‘காட்டுக்குப் போனவன்’ என்று தமையன்மார் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, தை பிறந்தவுடன் வீட்டுக்கு இரண்டு மூட்டை புத்தரிசி அனுப்பி அவர்கள் வாயை அடைத்து வைத்திருக்கிற மனிதர். ஏரம்பு பார்த்தால் வாய்க்கால் முழுக்கப் பார்த்ததற்குச் சமம். கூட்டுறவுச் சங்கக் கடையில் இரண்டு பேர் ஏற்கனவே கேட்டுவிட்டார்கள், அமெரிக்காவிலிருந்து உடுப்பு வந்ததாமே என்று. இந்தக் கதை கரவெட்டிக்குப் போக இன்னும் எத்தனை நாள்?

“இது வேலை செய்யிற சனத்துக்குப் பழஞ்சீலை குடுக்கிற வீடு தம்பி. வாங்கிற வீடில்லை” என்றார். அந்தப் பெருமையிலும் ஒரு கோணல் இருக்கிறது என்பது வேறு கதை. அன்று அதைச் சொல்லிக்காட்ட நோர்மனுக்கு வாய் இருக்கவில்லை.

குசினி வாசலில் வந்து நின்ற நாகேஸ்வரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அண்டைக்கு நான் சீலை மாத்திக்கொண்டு வாறன் எண்டு கேட்டனான் எல்லே தம்பி?”

“ஓம் அக்கா.”

“அப்ப, அதையும் எழுதியிருக்கலாமே.”

மன்னிப்புக் கேட்பதற்குப் பண்டிதர் அவருக்கு நல்ல நல்ல சொற்களாகக் கற்றுக்கொடுத்திருந்தார். ஒன்றையும் அவரால் எடுக்க முடியவில்லை. பார்சலைத் திரும்பக் கட்டி, சைக்கிளின் பின்னால் ஏற்றினார். வீரகத்தி வந்து கயிறு பிடித்து உதவினார், அவிழாத முடிச்சாகப் போட்டும் கொடுத்தார். அந்த உதவிதான் அவருக்குப் பெரிய அடியாகப் பட்டது. அன்றைக்கு உறையும் இல்லை, பருக்கையும் இல்லை. பனங்கட்டிக் குட்டான் மட்டும் விறாந்தையில் இருந்தது.

வாய்க்கால் மதகடியில் கயிறு ஒருபக்கம் சரிய, இறங்கிப் பார்த்தார். கிழிந்த வாயால் ஒரு சின்னக் கோட்டின் கை வெளியே வந்திருந்தது. பொத்தான்களில் ஒன்று மட்டும் வேறு நிறம். நோர்மன் மதகில் அப்படியே இருந்துவிட்டார். ஆறு வயதில், மழை பொய்த்துச் சோளம் கருகிய வருடங்களில், சபையார் கொடுத்த இப்படி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவர் பள்ளிக்கூடம் போனார். முதல் நாளே ஒரு பையன் எல்லோர் முன்னாலும் அந்தக் கையைப் பிடித்து, “இது என்னுடைய பழைய கோட்டு” என்றான். பிறகு அந்தப் பனிக்காலம் முழுக்க நோர்மன் அதைப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு முன்பே கழற்றி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுங்கி நடுங்கிப் போய்வந்தார். தாயாருக்குக்கூட இன்றுவரை தெரியாது. எட்டாம் வாய்க்காலுக்குப் பழந்துணி அனுப்பக் காரணமாக இருக்க உலகத்தில் தகுதியில்லாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது தான்தான் என்று அவருக்கு அங்கே தோன்றியது. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வயலுக்குப் போன இரண்டு பேர், துரைக்குத் திரும்பவும் காய்ச்சலாக்கும் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கிழமை கொயினாவும் இல்லை, பாட்டும் இல்லை. பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுத நான்கு தடவை மேசையடியில் இருந்தார். முதல் கடிதத்தில் விளக்கம் கூடிவிட்டது. இரண்டாவதில், ஆசிரியர் படத்தைப் பெரிதாகப் போட்டது பற்றி ஒரு குறை எப்படியோ புகுந்துகொண்டது. மூன்றாவது, ஒரு பாவியின் மனக்கலக்கமாக, வாசிக்கிறவர் கண்ணில் நீர் வரும்படி வெகு நன்றாக வந்திருந்தது. அதனாலேயே அதைக் கிழித்தார். நான்காவது பதினொரு வரி. அது அச்சில் வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பொய் எழுதினவனை மிஷன் அடுத்த கப்பலில் திருப்பி அழைக்கலாம். அது நடந்தாலும் நடக்காவிட்டாலும், எழுந்து நின்று வாசித்த தாயார் இனி அந்தச் சபையில் தலைகுனிந்து இருக்கவேண்டும். இருந்தும் உறையில் விலாசத்தை எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்குப் போனார். மணி அடிக்கவில்லை. படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடாமல் உள்ளே போக உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நாய்தான் முதலில் கண்டு குரைத்தது. வீரகத்தி எட்டிப் பார்த்தார்.

“ஏன் தம்பி வெயிலுக்கை நிக்கிறியள்? நாய் பழகினதுதானே, வாங்கோ.”

விறாந்தைப் பலகையில் இருந்துகொண்டு, கடிதத்தை மடிப்பு விரித்துப் பத்மாசனியிடம் நீட்டினார். “அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் கேட்கவேண்டும். தமிழில் சொல், பிள்ளை. நான் சொன்னால் மாற்றிச் சொல்லிவிடுவேன்” என்றார். பத்மாசனி தகப்பனைப் பார்த்தாள். வீரகத்தி தலையை ஆட்டினார். நாகேஸ்வரி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்து தூணோடு நின்றார். இன்று கூறைச்சீலை இல்லை. படத்தில் இருக்கிற அதே சீலைதான். இடுப்பில் கிழிந்த இடம் தைத்திருந்தது.

கடிதத்தைப் பலகையில் வைத்து விரல் ஓட்டிப் பத்மாசனி மெல்ல மெல்லச் சொன்னாள். அவர்கள் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்கள். ஒன்றரை வருடமாக எனக்கும் போட்டவர்கள். என் உயிருக்காக அவர்கள் வேண்டியது அவர்களுடைய கடவுளிடம். துணி அனுப்பியவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

“என்ன பிள்ளை, அவ்வளவுதானோ?” என்றார் வீரகத்தி.

“இன்னும் இருக்கப்பா. சேர் கையை வைச்சுக்கொண்டிருக்கிறார்.”

அப்போதுதான் நோர்மன் பார்த்தார். அவருடைய வலது உள்ளங்கை கடிதத்தின் கடைசி வரிகளைப் பொத்திக்கொண்டிருந்தது. எப்போது போய் அங்கே படிந்தது என்று அவருக்குத் தெரியாது. காது மடல்வரை சிவந்து கையை எடுத்தார்.

பத்மாசனி வாசித்தாள். “அவர்களிடம் நல்ல துணி இருக்கிறது. உடுத்திக்கொண்டு வருகிறேன் என்று அந்த அம்மா கேட்டார். நான்தான் விடவில்லை. வேறு துணி இல்லை என்று நான் எழுதியது பொய். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.”

வீரகத்தி வெளியே வயலைப் பார்த்தார். சிறுபோக நெல் கதிர் தள்ளி நின்றது.

“தம்பி” என்றார் நாகேஸ்வரி. “அந்தக் கடைசியை வெட்டிவிடுங்கோ.”

நோர்மன் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்கட அம்மாவும் வாசிப்பா எல்லே? பெத்த மனுசி, தன்ரை பிள்ளை பொய் சொன்னவன் எண்டு நாலுபேருக்கு முன்னாலை வாசிக்கிறதே? எங்களுக்கு உடுபுடவை இருக்கெண்டு எழுதினாப் போதும். மிச்சத்தை வெட்டுங்கோ.”

“வேண்டாம் அக்கா” என்றார் நோர்மன். “இப்படியே நல்லது.”

சொன்ன பிறகுதான் அதே சொற்கள் என்று அவருக்கு உறைத்தது. கார்த்திகையில் அந்த வயல் கரையில், கமெராவுக்குப் பின்னால் நின்று சொன்ன சொற்கள். நாகேஸ்வரிக்கும் அது நினைவு வந்திருக்கவேண்டும். ஒரு கணம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நோர்மன் குனிந்து கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். மடல் ஒட்டவில்லை; பசை முழுக்கப் பொரிந்து கொட்டியிருந்தது. எச்சில் தொட்டுப் பார்த்தார், பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். கையை எடுத்தவுடன் அது வாயைத் திறந்துகொண்டது. எதுவும் கேட்காமல், திறந்த உறையைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார்.

நாகேஸ்வரி குசினிக்குள் போனார். பானை மூடி கல்லில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, விரல் நுனியில் ஆவி பறக்கிற நாலு சோற்றுப் பருக்கையோடு அவர் முன்னால் கையை நீட்டினார்.